கோப்பை கழுவின கையோடு

தீவகத்துப் பெற்றோர் மத்தியில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்



நயினாதீவிலும் நெடுந்தீவிலும் இருந்து வந்தவர்கள் குறிகட்டுவானுக்குப் போய்ப் படகு பிடிக்க வேண்டும். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

பல்லுவலி பெரும்பாலும் இரவில்தான் கூடும். யாழ்ப்பாண நகரத்தில் ஒரு பிள்ளை பல்லுவலியால் அழுதால் விடிந்ததும் ஓட்டோ பிடித்துப் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுபோகலாம். நெடுந்தீவில் அழுகிற பிள்ளைக்குக் குறிகட்டுவானுக்கு வரவே ஒரு மணித்தியாலக் கடல் இருக்கிறது. அங்கிருந்து பஸ் ஏறி, புங்குடுதீவு, வேலணை, மண்டைதீவுச் சந்தி எல்லாம் தாண்டிப் பண்ணைப் பாலத்தால் நகரத்துக்குப் போக வேண்டும். வாடைக்காற்று பலத்தால் படகும் ஓடாது. தாய் ஒரு கராம்பை நசுக்கிப் பல்லிடுக்கில் வைத்துவிட்டு, விடியும்வரை பிள்ளையைத் தோளிலே போட்டுக்கொண்டு முற்றத்தில் நடப்பாள். இங்கே இருக்கிற எத்தனையோ பேருக்கு அந்த இரவு தெரியும். கடல் நடுவே வாழ்கிறவர்களுக்குப் பல்லைப் பழுதாகாமல் வைத்திருப்பது மற்றவர்களைவிட இரட்டிப்பு அவசியம்.

நான் பாடசாலைப் பற்சிகிச்சையாளராக வேலை செய்தவள். பிள்ளைகள் 'பல்லு மிஸ்' என்று கூப்பிடுவார்கள். சூத்தைப் பல்லைச் சுரண்டி அடைப்பது என் வேலை. சூத்தை வராமல் பார்க்கிற வேலை உங்கள் வீட்டுக் கிணற்றடியில் நடக்கிறது. அந்த இரண்டாவது வேலையைப் பற்றித்தான் இன்று கதைக்க வந்தேன்.

2002–2003 காலப்பகுதியில் நடந்த தேசிய வாய்ச் சுகாதார ஆய்வின்படி, இலங்கையில் ஐந்து வயதுப் பிள்ளைகளில் ஏறத்தாழ 65 சதவீதத்தினருக்குச் சூத்தைப் பல் இருந்தது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளில் அது 40 சதவீதமளவில் இருந்தது. முதல் எண்ணைத் திரும்ப ஒருமுறை நினைத்துப் பாருங்கள். தரம் ஒன்றுக்குப் புதுச் சப்பாத்தும் புதுப் புத்தகப் பையும் போட்டுக்கொண்டு வருகிற மூன்று பிள்ளைகளில் இரண்டு பேர் பழுதான பல்லோடு வருகிறார்கள். எழுத்துப் படிக்கத் தொடங்குவதற்கு முன்பே நோய் தொடங்கிவிடுகிறது.

இதைச் சொன்னால் உடனே வருகிற பதில் எனக்குப் பாடம்: "அது விழுகிற பல்லுத்தானே மிஸ்?" விழுகிற பல்தான். ஆனால் முன்பற்கள் ஆறேழு வயதில் விழுந்தாலும், பின்னுக்கு இருக்கிற பால்கடைவாய்ப் பற்கள் பத்து, பன்னிரண்டு வயது வரை வாயில் இருக்க வேண்டியவை. அவற்றால்தான் பிள்ளை சோற்றையும் மீனையும் மெல்லுகிறது. கீழே இருந்து வளர்கிற நிரந்தரப் பல்லுக்கு இடம் பிடித்து வைத்திருப்பதும் அவைதான். ஐந்து வயதில் அதைப் பிடுங்கவேண்டி வந்தால் பக்கத்துப் பல் அந்த இடத்துக்குச் சரிந்துவிடும். பிறகு வருகிற பல்லுக்கு வழியில்லை. அது கோணலாக, ஒன்றின் மேல் ஒன்றாக முளைக்கும்.

இன்னொரு விஷயம். இன்று நான் சொல்வதில் ஒன்றை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்றால் இதைக் கொண்டுபோங்கள். ஏறக்குறைய ஆறு வயதில், கடைசிப் பால்பல்லுக்கும் பின்னால், மேலும் கீழும், இடமும் வலமுமாக நான்கு பெரிய கடைவாய்ப் பற்கள் முளைக்கும். அவை முளைப்பதற்கு எந்தப் பல்லும் விழுவதில்லை. ஆட்டமில்லை, இரத்தமில்லை, கூரையில் எறிய ஒரு பல்லும் கையில் வராது. ஆகையால் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தாலும் அதையும் பால்பல் என்றே நினைப்பார்கள். உண்மையில் அதுதான் பிள்ளையின் முதலாவது நிரந்தரக் கடைவாய்ப் பல். எழுபது வயது வரை அதுதான் சாப்பாட்டை அரைக்கப்போகிறது. அதற்குப் பதிலாக இன்னொன்று முளைக்காது.

அந்தப் பல் முளைக்கிற விதம் அதற்கே ஆபத்து. முழுதாக மேலே வர ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகலாம். அதுவரை பக்கத்துப் பல்லைவிடத் தாழ்வாக, முரசுக்குள் பாதி புதைந்திருக்கும். பிள்ளை தானாக முன்னும் பின்னும் இழுக்கிற பிறஷ் மற்றப் பற்களின் தலையில் ஓடிவிட்டு இதைத் தொடாமலே திரும்பிவிடும். மேற்பரப்பிலோ ஆழமான வெடிப்புகள். இப்போதுதான் வெளியே வந்த பல்லின் மேற்படையான மிளிரியும் இன்னும் முற்றாதது, அமிலத்தில் விரைவாகக் கரையும். பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் வாயைத் திறந்து எங்கே சூத்தை என்று தேடினால் முதலில் இந்தப் பல்லில்தான் பார்ப்போம். அந்தச் சூத்தை தொடங்கியது தரம் ஒன்றிலோ இரண்டிலோ.

ஆறு தொடங்கி எட்டு வயது வரை, அந்தப் பல் பாதி முளைத்திருக்கிற காலத்தில், பிறஷை யார் பிடிப்பது? அதில்தான் எல்லாம் இருக்கிறது. "அவன் பெரிய பெடியன், தானே தீட்டுவான்" என்று பெருமையாகச் சொல்கிறோம். ஆறு வயதுக் கைக்கு அந்த வேலை முடியாது. சப்பாத்து நாடாவைத் தானாக ஒழுங்காகக் கட்ட முடியாத கை, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிற பல்லை எப்படித் தீட்டும்? முதலில் பிள்ளை தீட்டட்டும். பிறகு பெரியவர் ஒருவர் வாங்கி ஒருமுறை தீட்டிவிட வேண்டும். ஏழு எட்டு வயது வரை அப்படித்தான்.

இனிப் பழக்கத்துக்கு வருகிறேன்.

எங்கள் வீடுகளில் ஒரு பழக்கம் ஏற்கெனவே வேரோடி இருக்கிறது. காலையில் எழும்பி வாயைச் சுத்தம் செய்யாமல் யாராவது தேத்தண்ணி குடிக்க விடுவீர்களா? என் அம்மம்மா விடமாட்டா. "முதலில் பல்லுத் தீட்டிப்போட்டு வா" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணியைக் கையிலேயே வைத்திருப்பா. வேண்டிக் கேட்டதில்லை, பயமுறுத்தியதுமில்லை, பல்லின் நன்மைகளைப் பற்றி உபதேசம் செய்ததுமில்லை. ஒன்று முடிந்தால் மற்றது வரும், அவ்வளவுதான். பிள்ளைக்கு அது ஒரு கட்டளையாகவே தெரியவில்லை. பொழுது விடிகிற ஒழுங்கு அது என்று நினைத்துக்கொண்டு வளர்ந்தோம்.

இந்த ஒழுங்கு எங்களுக்குப் புதிதல்ல. ஆறுமுக நாவலர் சைவப் பிள்ளைகள் படிப்பதற்கென்று எழுதிய சைவ வினாவிடையில், நித்திய கருமத்தைச் சொல்லும் பகுதியில், தந்தசுத்திக்கும் இடம் கொடுத்திருக்கிறார். துயில் எழுவது, உடலைச் சுத்தம் செய்வது, பல்லைச் சுத்தம் செய்வது, நீராடுவது என்று ஒன்றன்பின் ஒன்றாக நாளைக் கோத்து வைத்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நல்லூரில் பிறந்த அந்த மனிதர் பல்லுத் தீட்டுவதைத் தனியான ஒரு புத்திமதியாக விட்டுவிடவில்லை என்பதை நான் பெரிதாக நினைக்கிறேன். முன்னுக்கு ஒரு வேலை, பின்னுக்கு ஒரு வேலை, நடுவில் இது. பழக்கத்தைப் பற்றி இன்றைய ஆய்வாளர்கள் சொல்வதும் இதைத்தான்: தோணியை முளையில் கட்டுவதுபோல, புதுப் பழக்கத்தை ஏற்கெனவே அசையாமல் நிற்கிற ஒரு வேலையோடு கட்டவேண்டும்.

காலைக்கு முளை இருக்கிறது. இரவுக்கு இல்லை. எங்கள் குறை முழுவதும் அங்கேதான்.

இரவு ஏன் முக்கியம் என்றால், வாயைக் கழுவிக் காப்பது எச்சில். நாங்கள் இனிப்பாக எதைத் தின்றாலும் வாயிலுள்ள கிருமிகள் அந்தச் சீனியைத் தின்று அமிலத்தைக் கக்குகின்றன. அந்த அமிலம் மிளிரியிலிருந்து சுண்ணாம்புச் சத்தைக் கரைத்து எடுக்கிறது. எச்சில் மெல்ல மெல்ல அமிலத்தைத் தணித்து, கரைந்ததைத் திரும்ப ஒட்ட வைக்கிறது. அதற்கு அரை மணித்தியாலமோ அதற்கு மேலோ எடுக்கும். பகல் முழுவதும் இந்தக் கரைவதும் ஒட்டுவதும் நடந்துகொண்டே இருக்கிறது. நித்திரையில் எச்சில் ஊறுவது மிகக் குறைந்துவிடும். பல்லிடுக்கில் ஒட்டிய சாப்பாட்டோடு ஒரு பிள்ளை படுத்தால், கரைவது மட்டும் விடிய விடிய நடக்கிறது. காலையில் எழும்பி எவ்வளவு அழுத்தித் தீட்டினாலும் அந்த இரவு திரும்பி வராது.

இந்த இடத்தில் எங்கள் தீவகத்துத் தீனிகளைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் ஒரு சொல் சொல்லவேண்டும். "சீனி கூடாது, நாங்கள் பனங்கட்டிதான் குடுக்கிறது" என்று பலர் திருப்தியோடு சொல்கிறீர்கள். பனை எங்கள் தாய். பனங்கட்டியில் சீனியில் இல்லாத சத்துகள் உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் பல்லுக்கு அதுவும் சீனிதான். கிருமிக்குப் பனையும் கரும்பும் ஒன்று. பனாட்டு இன்னும் மோசம், பல்லில் ஒட்டிக்கொண்டு அசையாது. வெளிநாட்டிலிருந்து மாமாவும் சித்தியும் அனுப்புகிற சொக்கிலேற் பெட்டியும் அப்படித்தான். அதைப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. பாரிஸிலிருந்தும் சூரிச்சிலிருந்தும் வருகிற அந்தப் பெட்டியில் பாசமும் வருகிறது. சாப்பாட்டோடு சேர்த்து ஒரே தரமாகக் கொடுங்கள். பின்னேரம் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக நொறுக்கத் தந்தால் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு அரை மணித்தியால அமிலம். பனங்கட்டியைக் கடித்துக் கடித்துத் தேத்தண்ணி குடிப்பதும் அதே கணக்குத்தான். இடையில் பசித்தால் கச்சான் கொடுங்கள், புழுக்கொடியல் கொடுங்கள். பணிஸ், பிஸ்கற்றைவிட எவ்வளவோ மேல்.

சரி, இரவுக்கு எதை முளையாக்குவது? படுக்கப் போகிற நேரத்தை வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது சரிவராது. பிள்ளை எப்போது படுக்கும் என்பது அதற்கே தெரியாது. தொலைக்காட்சிக்கு முன்னால், ஃபோனைப் பார்த்தபடி, அப்பாவின் மடியில் என்று எங்கேயோ நித்திரையாகிவிடும். நித்திரையான பிள்ளையை எழுப்பிப் பல்லுத் தீட்டச் சொல்ல எந்தத் தாய்க்கும் மனம் வராது. விளக்கு வைக்கிற நேரமும் சரிவராது. சைவ வீட்டில் தேவாரமும் கத்தோலிக்க வீட்டில் செபமாலையும் முடிந்த பிறகுதான் இரவுச் சாப்பாடு.

என் எண்ணம் இது: பிட்டோ இடியப்பமோ பாணோ, இரவுச் சாப்பாடு முடிந்ததும் சாப்பிட்ட கோப்பையைக் கழுவி வைக்கிறோம். அந்த வேலை ஒருநாளும் தவறுவதில்லை. அந்த இடத்தில் தண்ணி இருக்கிறது, வெளிச்சம் இருக்கிறது, பெரியவர் ஒருவர் நிற்கிறார், பிள்ளைக்கு இன்னும் நித்திரை வரவில்லை. கோப்பையைக் கழுவி வைத்த கையோடு பிறஷை எடுக்கட்டும். அதற்குப் பிறகு தண்ணியைத் தவிர வேறொன்றும் வாய்க்குள் போகக்கூடாது. படுக்கும்போது பால் குடிக்கிற பழக்கம் இருந்தால் அந்தப் பாலைச் சாப்பாட்டுக்கு முன்னால் நகர்த்துங்கள்.

பிறஷ் எங்கே இருக்கிறது என்பதும் பெரிய விஷயம். எங்கள் வீடுகளில் அதைத் தாழ்வாரக் கூரையில் செருகி வைப்பார்கள், இல்லாவிட்டால் குளியலறை யன்னலில், பெரியவர்களின் கை எட்டுகிற உயரத்தில். பிள்ளை ஒவ்வொரு நாளும் ஒருவரைக் கேட்டு எடுக்கவேண்டிய பொருள் பழக்கமாகாது. கோப்பை கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில், பிள்ளையின் கண்ணுக்கு நேரே ஒரு ஆணி அடித்து, கைப்பிடி வைத்த ஒரு சின்னக் குவளையைத் தொங்கவிடுங்கள். பிறஷ் தலை மேலே பார்க்க நிற்கட்டும், காற்றுப் பட்டுக் காயட்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிப் பிறஷ். தலை சின்னதாக, தும்பு மெதுவாக இருக்கவேண்டும். தும்பு விரிந்தால், விரியாவிட்டாலும் மூன்று மாதமளவில், மாற்றவேண்டும்.

தண்ணிப் பிரச்சினையைப் பற்றி நெடுந்தீவுத் தாய்மார் என்னிடம் கேட்பார்கள். கிணற்றுத் தண்ணி உவர், பிள்ளை வாயில் வைத்ததும் துப்புகிறது; குடிக்கிற தண்ணியோ அளந்து பாவிக்கிற பொருள், அதை வாய் கொப்பளிக்க எப்படிக் கொடுப்பது? இதற்கு நல்ல பதில் இருக்கிறது. தீட்டி முடித்ததும் வாயைக் கொப்பளிக்கத் தேவையில்லை. நுரையைத் துப்பினால் போதும். பற்பசையில் இருக்கிற புளோரைட்டு பல்லின் மேல் தங்கி நின்றுதான் வேலை செய்கிறது. குவளை குவளையாகக் கொப்பளித்தால் அதைக் கழுவி ஊற்றிவிடுகிறோம். பிறஷை நனைக்க ஒரு மிடறு நல்ல தண்ணி காணும். தண்ணி குறைந்த ஊருக்கு இதைவிடப் பொருத்தமான வைத்தியம் கிடையாது. சுத்திகரிப்பு இயந்திரத்தில் வடிகட்டிய தண்ணியைக் குடிக்கிற வீடுகளுக்கு இன்னொன்றும் சொல்லவேண்டும். அந்த இயந்திரம் உப்பை எடுக்கும்போது தண்ணியில் இயற்கையாக இருக்கிற புளோரைட்டையும் பெரும்பாலும் எடுத்துவிடும். அந்தப் பிள்ளைகளுக்குப் பற்பசை இன்னும் முக்கியம்.

பற்பசை வாங்கும்போது பெட்டியில் புளோரைட்டு என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அதன் அளவைப் பி.பி.எம். என்று போட்டிருப்பார்கள். 2021இல் உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் புளோரைட்டுப் பற்பசையையும் சேர்த்தது. 1000க்கும் 1500க்கும் இடைப்பட்ட பி.பி.எம். உள்ள பசையைத்தான் அதில் குறித்திருக்கிறார்கள். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஒரு அரிசி மணியளவு, அதற்கு மேல் ஒரு பட்டாணியளவு. விளம்பரத்தில் பிறஷ் முழுவதும் அலையலையாகப் போடுகிறார்களே, அவ்வளவு வேண்டாம். அளவைப் பெரியவர் போட்டுக்கொடுக்கட்டும், பிள்ளை விழுங்காமல் துப்பப் பழகட்டும்.

உமிக்கரியைப் பற்றியும் கேட்பீர்கள். "நாங்கள் உமிக்கரியாலை தீட்டித்தானே வளந்தனாங்கள், எங்களுக்கு என்ன குறை?" என்று அப்பம்மாமார் கேட்டால் அவர்களோடு சண்டைக்குப் போகமாட்டேன். அவர்கள் வளர்ந்த காலத்தில் கடையில் பணிஸும் சோடாவும் சொக்கிலேற்றும் இப்படிக் குவிந்து கிடக்கவில்லை. உமிக்கரி கரகரப்பானது, நாளடைவில் மிளிரியைத் தேய்க்கும். விரல் போகிற இடத்துக்குத்தான் அது போகும். ஆறாம் வயதுப் பல்லின் வெடிப்புக்குள் போகாது. புளோரைட்டும் அதில் இல்லை. வேப்பங்குச்சியை நன்றாக மென்று தும்பாக்கித் தீட்டத் தெரிந்த பெரியவர் தீட்டட்டும். பிள்ளையின் வாய்க்கு மெதுவான பிறஷும் புளோரைட்டுப் பசையும்தான்.

தீட்டுகிற விதத்தை ஆளை வைத்துக் காட்டினால்தான் விளங்கும், பிறகு காட்டுகிறேன். இப்போதைக்கு: பிள்ளைக்குப் பின்னால் நில்லுங்கள், அதன் தலை உங்கள் வயிற்றில் சாய்ந்திருக்கட்டும், ஒரு கையால் நாடியைப் பிடித்துக்கொண்டால் வாய் முழுவதும் தெரியும். முரசும் பல்லும் சேர்கிற இடத்தில் சின்னச் சின்ன வட்டமாக. ஆறாம் வயதுப் பல்லுக்குப் பிறஷைக் கன்னத்துப் பக்கமிருந்து குறுக்காக உள்ளே விடுங்கள். வாயை நாலு மூலையாகப் பிரித்து, மூலைக்கு முப்பது எண்ணினால் இரண்டு நிமிஷம். எண்ணுகிற வேலையை அம்மம்மாவுக்குக் கொடுங்கள். தரம் ஒன்றில் படிக்கிற பிள்ளைக்கு அது கணக்குப் பாடமும் ஆகும்.

பழக்கம் பிடிக்க எத்தனை நாள் எடுக்கும்? இருபத்தொரு நாள் என்று ஒரு கதை உலாவுகிறது. அதை நம்பித் தொடங்கினவர்கள் இருபத்திரண்டாம் நாள் பிள்ளை மறந்ததும் மனம் சோர்ந்துவிடுகிறார்கள். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஃபிலிப்பா லாலி என்பவரும் கூட்டாளிகளும் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2010இல் அச்சில் வந்தது. தினமும் ஒரே சந்தர்ப்பத்தில் ஒரு புதுக் காரியத்தைச் செய்யச் சொன்னார்கள். அது தன்பாட்டில் நடக்கத் தொடங்க நடுவாக 66 நாள் எடுத்தது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் என்று கணக்கிட்டார்கள். ஒருநாள் தவறினதால் பழக்கம் குலைந்துவிடவில்லை என்பதையும் கண்டார்கள். அவர்கள் பெரியவர்கள், தாங்களாக விரும்பி வந்தவர்கள். பிள்ளைக்கு இன்னும் கூடுதலாக எடுக்கலாம். ஒரு தவணைப் பள்ளிக்காலம் முழுவதும் விடாமல் பிடிக்கவேண்டும் என்று மனத்தில் வையுங்கள்.

நயினை நாகபூசணி அம்மனின் ஆனித் திருவிழா வரும். பல்லி முட்டாயும் தும்பு முட்டாஸும் வாங்கிக்கொண்டு பிள்ளைகள் நடுச்சாமத்தில் வந்து அப்படியே படுத்துவிடுவார்கள். பரவாயில்லை. அடுத்த நாள் கோப்பை கழுவினதும் பிறஷ் கையில் இருந்தால் சரி. "நேற்றுத் தீட்டேல்லை, எல்லாம் போச்சு" என்று பிள்ளைக்கு முன்னால் சொல்லாதீர்கள். கடைக்காரர் தந்த கலண்டர் சுவரில் தொங்கும்தானே, தீட்டின இரவுக்கு அந்தத் தேதியில் பிள்ளையே ஒரு புள்ளி போடட்டும். புள்ளி நிறைந்ததற்கு ரொஃபி வாங்கிக் கொடுக்காதீர்கள். தகப்பன் கடலால் வந்ததும் கலண்டரைப் பார்த்து "எங்கை, வாயைத் திற பாப்பம்" என்று ஒரு சொல் கேட்டால் அந்தப் பிள்ளைக்கு அது காணும்.

ஒன்றைக் கைகூப்பிக் கேட்கிறேன். "பல்லுத் தீட்டாட்டி டொக்டரிட்டைக் கொண்டுபோய் ஊசி போடுவிப்பன்" என்று பயமுறுத்தாதீர்கள். அந்த மிரட்டலோடு வளர்ந்த பிள்ளைகளை எனக்கு நன்றாகத் தெரியும். கிளினிக் வாசலிலேயே தாயின் சீலையைப் பிடித்துக்கொண்டு கத்தும். கதிரையில் ஏறாது, ஏறினால் வாயைத் திறக்காது. ஒரு சின்ன அடைப்பில் முடியவேண்டிய பல், வலி தாங்காமல் ஆறு மாதம் கழித்துப் பிடுங்கவேண்டிய பல்லாகத் திரும்பி வரும். மிரட்டினதால் அன்றிரவு பிறஷ் பிடித்திருக்கலாம். ஆனால் நோய் வரும்போது உதவி தேடுகிற தைரியத்தை அந்தப் பிள்ளையிடமிருந்து வாழ்நாளுக்கும் பறித்துவிடுகிறோம். வலி இல்லாத நாளில் கூட்டிக்கொண்டு வாருங்கள். கதிரையில் ஏறி இறங்கட்டும், கண்ணாடியைத் தொட்டுப் பார்க்கட்டும். வெடிப்பு ஆழமான ஆறாம் வயதுப் பல்லுக்கு அந்த வெடிப்பை மூடுகிற ஒரு பூச்சு உண்டு. அதைப் பூச ஊசியும் தேவையில்லை, துளையிடலும் தேவையில்லை.

ஆசிரியர்களிடம் கொஞ்சம் கேட்கவேண்டும். எங்கள் சேவை எங்கிருந்து வந்தது என்பதைச் சொன்னால் நான் ஏன் பாடசாலையைப் பிடித்துத் தொங்குகிறேன் என்று விளங்கும். 1921இல் நியூசிலாந்து தன் பாடசாலைப் பிள்ளைகளுக்கென்றே பற்தாதிகளைப் பயிற்றத் தொடங்கியது. அந்த நாடு கொழும்புத் திட்டத்தின் கீழ் 1950களில் கொடுத்த உதவியோடுதான் மகரகமையில் எங்கள் பயிற்சி நிலையம் வளர்ந்தது. பிள்ளைகள் தினமும் கூடுகிற இடத்துக்கே போகவேண்டும் என்பது அந்தச் சேவையின் உயிர்நாடி. ஆனால் பற்சிகிச்சையாளர் ஒருவர் ஒரு பிள்ளையைச் சந்திப்பது வருஷத்தில் ஒன்றிரண்டு தடவை. நீங்கள் ஒவ்வொரு நாளும் சந்திக்கிறீர்கள்.

பிலிப்பைன்ஸ் நாட்டிலும் தீவுகள், கடல், வசதி குறைந்த பள்ளிகள். அங்கே கல்வி அமைச்சே முன்வந்து, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வரிசையாக நின்று சவர்க்காரம் போட்டுக் கை கழுவி, சேர்ந்து நின்று பல்லுத் தீட்டுகிற ஒரு திட்டத்தை 2000களின் கடைசியிலிருந்து பரப்பியது. நடத்துபவர்கள் ஆசிரியர்கள், வைத்தியர்கள் அல்ல. ஸ்கொட்லாந்தில் முன்பள்ளிகளில் தினமும் பல்லுத் தீட்டுகிறார்கள். அங்கே 2003இல் ஐந்து வயதுப் பிள்ளைகளில் வெளிப்படையான சூத்தை இல்லாதவர்கள் 45 சதவீதமளவில் இருந்தார்கள். 2018இல் அது 71 சதவீதமானது. பதினைந்து வருஷத்தில், பெரிய இயந்திரங்கள் ஒன்றுமில்லாமல், ஒரு பிறஷும் பட்டாணியளவு பசையும் அதை மேற்பார்த்த ஒரு ஆசிரியையும் செய்த வேலைக்கு அதில் பெரும் பங்கு உண்டு.

எங்கள் ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்குப் பாடசாலையில் சாப்பாடு கிடைக்கிறது. அந்தச் சாப்பாட்டுக்குப் பிறகு ஐந்து நிமிஷம் ஒதுக்க முடியுமா என்று அதிபர்மாரைக் கேட்கிறேன். கொப்பளிக்கத் தேவையில்லை என்பதால் வாளி வாளியாகத் தண்ணி வேண்டியதில்லை. பெயர் எழுதிய பிறஷ்களை ஒன்றோடொன்று முட்டாமல் நிறுத்த, துளை போட்ட ஒரு பலகை காணும். பசை வாங்குகிற செலவைப் பழைய மாணவர் சங்கங்கள் ஏற்கலாம். வெளிநாட்டில் இருக்கிற எங்கள் ஊர்ச் சங்கங்கள் கட்டடத்துக்கும் கணினிக்கும் கொடுக்கிறார்கள். அடுத்த தடவை என்ன வேண்டும் என்று அவர்கள் கேட்டால், ஒரு வருஷத்துக்கான பற்பசை என்று வெட்கப்படாமல் சொல்லுங்கள். வீட்டில் பிறஷ் பிடித்து விடுவதற்கு ஆளில்லாத பிள்ளைகள் எங்கள் வகுப்புகளில் இருக்கிறார்கள். தாய் வெளிநாட்டில், தகப்பன் கடலில், கண் மங்கின அப்பம்மா வீட்டில். அந்தப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்து ஐந்து நிமிஷம்தான் ஒழுங்காகப் பல்லுத் தீட்டுகிற ஐந்து நிமிஷம்.

அந்த அப்பம்மாவுக்கும் ஒரு வழி சொல்கிறேன். கண் தெரியாவிட்டால் விரலால் தடவிப் பாருங்கள். கடைசிப் பல்லுக்குப் பின்னால் முரசைத் தடவினால் ஆறாம் வயதுப் பல்லின் முனை கையில் தட்டுப்படும். தட்டுப்பட்ட நாளிலிருந்து அந்தப் பல் உங்கள் பொறுப்பு.

இனிப் பேச்சுப் போதும். தரம் ஒன்றிலும் இரண்டிலும் படிக்கிற பிள்ளைகளைக் கொண்டுவந்தவர்கள் யன்னலோரம் வாருங்கள், அங்கே வெளிச்சம் நல்லது. கையில் சின்ன டோர்ச்சும் கண்ணாடியும் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு பிள்ளையின் வாயிலும் அந்தப் பல் எங்கே வருகிறது என்று தாய்க்கோ அம்மம்மாவுக்கோ காட்டித் தருகிறேன். பிறஷை எப்படிக் குறுக்காக விடுவது என்று உங்கள் கையாலேயே செய்து பாருங்கள். படகுக்குப் போகிறவர்கள் முதலில் வாருங்கள், மற்றவர்கள் கொஞ்சம் பொறுக்கவேணும்.